பன்னிரண்டாம் படுக்கையின் மருமகன்

"எந்தப் படுக்கைன்னு கேட்டேன்" என்றார் வாட்ச்மேன், மூன்றாவது தடவையாக.

பாலிஷ் வாயைத் திறந்தான். வந்தது, "நூத்தி..."

"நூத்தியா? மொத்த ஆஸ்பத்திரிக்கும் கட்டில் முப்பதுதான்யா."

"நூத்தி இல்லீங்க. பன்னெண்டு."

காலை ஆறு மணியிலிருந்து நூற்றிருபதாம் நம்பர் கல்லைப் போட்டுத் தரை தேய்த்தவன் வாயில் வேறு எந்த எண் வரும்? பாதியை விழுங்கி மீதியைத் துப்பியதில் பன்னிரண்டு வந்து விழுந்தது.

"பன்னெண்டுக்கு நீ என்ன வேணும்?"

"மருமகன்."

வாட்ச்மேன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ஓர் அட்டையில் '12 - மருமகன்' என்று எழுதி, கயிறு கோத்து, மாலை போடுகிற மாதிரி அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். நோயாளிகளோடு வந்தவர்கள் படுப்பதற்கென்று ஆஸ்பத்திரி வாசலில் இருந்த தகரக் கொட்டகைக்குள் போக அந்த அட்டைதான் சீட்டு.

அவன் சொந்தப் பெயர் பாலிஷ் இல்லை. மேஸ்திரி தன் போனில் அப்படிப் பதிந்து வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. பெண்டாட்டி மட்டும் இன்னும் 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். ஊர் ஊராகப் போய்ப் புதுக் கட்டடங்களின் தரையை மிஷின் போட்டுத் தேய்ப்பது அவன் தொழில். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய மிஷின். ஓடும்போது பிடி ஒரு நொடி தளர்ந்தாலும் கயிறறுத்த மாடு மாதிரி ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். போன ஊரில் அதுதான் நடந்தது. நின்றபடியே கண்ணயர்ந்தான். மிஷின் அவனைக் கூடம் முழுக்க இழுத்துப் போய் ஒரு கண்ணாடிக் கதவுக்குள் விட்டது. கதவு போயிற்று. மேஸ்திரி போனில் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை வேலைல தூங்கினேன்னு கேள்விப்பட்டேன், மிஷினை வேற ஆளுகிட்ட குடுத்துருவேன். நீ வீட்டுலயே போய் நிம்மதியாத் தூங்கு."

ஆக, வேலை நிலைக்க வேண்டுமானால் தூக்கம் வேண்டும். தூங்க இடம் வேண்டும். லாட்ஜ் என்று பேச்செடுத்தால் மேஸ்திரியின் போனில் சிக்னல் அறுந்துவிடும். வேலை நடக்கிற கட்டடத்தில் படுக்கலாம் என்றால், தேய்த்த தரை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு வெள்ளைச் சேறு. எத்தனையோ ஊருக்குத் தரை போட்டுக் கொடுத்தவனுக்குத் தான் படுக்கத் தரை இல்லை.

போன ஊர்களின் பெயர்களே அவனுக்கு நினைவில் நிற்பதில்லை. படுத்த இடங்கள்தான் நிற்கும். மணிக்கூண்டு ஊர், மணிக்கொரு தடவை எழுப்பும். நாய் ஊர். தங்கமான ஊர் ஒன்று உண்டு, அங்கே தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் வாசலில் படுக்க விட்டார்கள். மூன்று நாள் ஆகியும் இந்த ஊருக்கு மட்டும் பெயர் அமையவில்லை. பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நாலு மணிக்கு ஆள், மூட்டை, நாய் என்று பார்க்காமல் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். பூங்காவில் பெஞ்சுகளின் நட்ட நடுவில் ஒரு இரும்புக் கைப்பிடி. உட்காரலாம், சாயலாம், படுக்க மட்டும் முடியாது. யாரோ நல்லாப் படித்தவன் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான். கடை வாசல் ஒன்றில் தார்ப்பாயை விரித்தபோது ஒருவர் வந்து, "இது என் எடம். பதினோரு வருஷமா" என்றார். அவர் சொன்ன தோரணையில் பட்டா இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம்தான் இந்தக் கொட்டகை கண்ணில் பட்டது. கூரை, மின்விசிறி, குழாய், கக்கூஸ், போன் சார்ஜ் போட நாலு துளை. பாலிஷ் குனிந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பளபளப்பு வருவதற்கு முன்பே, எண்பதாம் நம்பர் கல்லோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். சோம்பேறிப் பயல்கள். இருந்தாலும் மேடு பள்ளம் இல்லை. செருப்பைத் தலைக்கு வைத்தான். பையின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டான். யாராவது பையை இழுத்தால் முதலில் கால்தான் முழிக்கும்.

அப்படியொரு தூக்கம் நாலு மாதத்தில் தூங்கியதில்லை.

காலையில் ஒலிபெருக்கி எழுப்பியது. "பன்னிரண்டாம் படுக்கையின் மருமகன் உடனே வார்டுக்கு வரவும்."

பாலிஷ் தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நழுவினான். வாட்ச்மேன் குறுக்கே நின்றார்.

"உங்களத்தான் சார் கூப்பிடுறாங்க." ஒரே இரவில் 'யோவ்' போய் 'சார்' வந்திருந்தது. "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

வார்டில் தலைமை நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றார். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்றார்கள்.

"நீங்கதானா அது? நான் இந்த வார்டுக்கு மாத்தி வந்து இருபது நாளாச்சு. வந்த நாளாப் பாக்கறேன், அந்த மனுஷனைப் பாக்க ஒரு ஈ காக்கா வரல. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

"சிஸ்டர், நான் வந்து..."

"வந்துட்டீங்கல்ல. இனி பேசாதீங்க."

தலைகள் எல்லாம் திரும்பின. ஓரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா துடைப்பானை ஊன்றி நின்று, பாலிஷை ஒரு தடவையும் பன்னிரண்டாம் படுக்கையை ஒரு தடவையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மூடிக்கொண்டு கட்டிலுக்கடியில் துடைக்கக் குனிந்துவிட்டாள்.

படுக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த உடம்பு. ஒரு துணிப்பையின் கயிறு அவர் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. ஜாக்கிரதையான மனுஷன் என்று பாலிஷ் நினைத்துக்கொண்டான். இப்போது அந்த ஜாக்கிரதையான மனுஷன் 'இவன் யாரென்றே தெரியாது' என்பார். வாட்ச்மேன் கழுத்தில் கைவைப்பார். வேலைக்கு நேரத்தோடு போய்விடலாம்.

பெரியவர் அவனை நெடுநேரம் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார்.

"வா மாப்பிள்ளை" என்றார், சோற்றில் கல் கடிபட்ட முகத்தோடு. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

பாலிஷ் திரும்பிப் பார்த்தான். பின்னால் வேறு மருமகன் யாரும் நிற்கவில்லை.

"கையெழுத்துப் போட ஆள் இல்லாமதான் ஆபரேஷன் தள்ளிக்கிட்டே போச்சு" என்றார் சிஸ்டர். "ஆள் வந்தாச்சு. நாளன்னிக்குக் காலைல முதல் கேஸா வச்சிரலாம்."

பெரியவர் அப்படியே படுத்துப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

டாக்டர் வந்தார். அவர் ஆள் முகத்தைப் பார்க்கிறவர் இல்லை, சீட்டைப் பார்க்கிறவர். "குடலிறக்கம். வயசு அம்பத்திரண்டு." போர்வையை விலக்கினார். "வலி இருக்கா?"

"சுத்தமா இல்லீங்க டாக்டர். ஓடச் சொன்னா ஓடுவேன்."

"ஆபரேஷன்னு சொன்னதும் எல்லாருக்கும் வலி போயிடும்." வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "அட, வீக்கமே காணோமே! மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு."

"அப்ப ஆபரேஷன் வேண்டாங்களா?"

"உள்ள போனது திரும்ப வெளிய வரும். உள்ள இருக்கும்போதே தச்சிரணும்."

டாக்டரும் சிஸ்டரும் நகர்ந்ததும் பெரியவர் பாலிஷின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"யாருய்யா நீ?"

"மன்னிச்சுக்கங்க. படுக்க எடம் இல்ல. வாட்ச்மேன் கேட்டாரு, வாய்ல வந்த நம்பரைச் சொல்லிட்டேன்."

"முப்பது கட்டில்ல உனக்கு என் கட்டில்தான் கெடச்சுதா? பத்தொம்பதுல ஒரு கிழவன் நெனவே இல்லாமக் கெடக்கான். அவனுக்கு மருமகனா ஆயிருக்கலாம்ல?"

"நீங்க ஏங்க 'வா மாப்பிள்ளை'ன்னு சொன்னீங்க?"

பெரியவர் விட்டத்தைப் பார்த்தார். யாருமில்லாத மனுஷன், பொய் மருமகனாவது கிடைத்தானே என்று நினைத்திருப்பார் என்று பாலிஷுக்குத் தோன்றியது.

"நீ போயிடு" என்றார் பெரியவர். "சொல்லாமக் கொள்ளாமப் போயிடு. படுக்கத்தானே எடம் வேணும்? பழைய தபாலாபீஸ் படிக்கட்டுக்குப் போ. மழை அடிக்காது, நாய் வராது."

உள்ளூர்க்காரர், விவரம் தெரிந்தவர். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான்.

பாலிஷ் போகத்தான் இருந்தான். ஆனால் பெரிய சிஸ்டர் அவன் பையை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். "ஓடிப்போற மருமகன்களை நான் நெறைய பாத்திருக்கேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க." மாற்றுத் துணி, வீட்டுக்காரியின் போட்டோ, மிஷினில் கல் மாற்றுகிற ஸ்பேனர் எல்லாம் அதற்குள். ஸ்பேனர் இல்லாமல் அன்று முழுக்க ஒரே கல்லை வைத்துத் தேய்த்தான்.

சாயங்காலம் வந்தபோது சிஸ்டர் படிவத்தை நீட்டினார். பாலிஷ் பேனாவைப் பிடித்தான். கை நகரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுஷனின் வயிற்றைக் கிழிக்க நான் யார் கையெழுத்துப் போட? உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் வாட்ச்மேன், போலீஸ், மேஸ்திரி. அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே மட்டமானது அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

"நான் போடுறது முறையில்லீங்க. அவர் பெத்த மகள் போடணும்."

"கரெக்ட்டு" என்றார் சிஸ்டர். "போன் போடுங்க. நானே பேசறேன்."

"அவ வந்து..."

"போடுங்க."

போட்டான். மறுமுனையில் 'என்னங்க' என்ற குரல் கேட்டதும், "இங்க பாரு, ஒரு சிஸ்டர் பேசுவாங்க, எல்லாத்துக்கும் சரின்னு சொல்லு" என்று ஒரே மூச்சில் சொல்வதற்குள் சிஸ்டர் போனைப் பிடுங்கிவிட்டார்.

"என்னம்மா, நல்ல மகள் நீ! உங்கப்பாவுக்கு நாளன்னிக்கு ஆபரேஷன், நீ வீட்டுல உக்காந்திருக்க?"

போனிலிருந்து வந்த குரல் அடுத்த கட்டில்வரை கேட்டது. "எங்கப்பாவா? எங்கப்பா இங்க எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்காரு!"

"உன் வீட்டுக்காரரோட மாமனாரும்மா. எங்க ஆஸ்பத்திரில பன்னெண்டாம் கட்டில்ல இருக்காரு. இவருதான் பக்கத்துல நிக்கறாரு."

சிஸ்டர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"அவருகிட்ட குடுங்க" என்றது குரல்.

பாலிஷ் போனைக் காதில் வைத்தான்.

"அங்க உங்களுக்கு ஒரு மாமனார் இருக்காரா?"

"அது வந்து, ஒரு பேச்சுக்கு..."

"மாமனார் இருந்தா அவருக்கு ஒரு மகளும் இருக்கணும்ல?"

"ஐயோ, மகளெல்லாம் கெடையாது. அவர நானே இன்னிக்குத்தான் பாத்தேன்!"

"ஊர் ஊராத் தரை தேய்க்கப் போறேன், தரை தேய்க்கப் போறேன்னு சொன்னது இதுக்குத்தானா? அப்பா! செருப்பைப் போடுங்க, கிளம்பலாம்!"

போன் அடங்கியது. சிஸ்டர் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஏன் கத்தறாங்க?"

"பாசம்" என்றான் பாலிஷ்.

ஆபத்தை உணர்ந்த பெரியவர் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். வார்டே கேட்கும்படி எழுந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், இவன் கையெழுத்து எனக்கு வேண்டாம். என் மகளைக் கை நீட்டி அடிக்கிறவன் இவன். இவனை வெளிய அனுப்புங்க."

பாலிஷ் தன் பெண்டாட்டியை ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்கிற தைரியமும் அவனுக்குக் கிடையாது. ஆனால் அதை இப்போது யாரிடம் சொல்வது? எட்டாம் கட்டில் நோயாளியின் அக்கா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏன்யா, பொம்பளைய அடிக்கிற கையா இது? காட்டு, பாப்போம்."

"அடிக்கலீங்கக்கா."

"அடிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் பூனை மாதிரி பேசுவான்" என்றாள் பதினாலாம் கட்டில் நோயாளியின் அம்மா.

ஆனால் பெரியவர் போட்ட கணக்கு தப்பிப்போயிற்று. பெரிய சிஸ்டர் அவனை வெளியே அனுப்பவில்லை. "செஞ்ச பாவத்துக்கு இன்னிலேருந்து ரெண்டு ராத்திரி இவரு காலடில ஸ்டூல் போட்டு உக்காருங்க. கொட்டகையில படுக்கறதெல்லாம் கெடையாது. தண்ணி கேட்டா தண்ணி, கால் வலிச்சா கால். கண்ணை மூடக் கூடாது."

படுக்க இடம் தேடி வந்தவனுக்கு உட்கார ஸ்டூல் கிடைத்தது.

பெரியவரும் சும்மா விடவில்லை. கால் பிடி என்றார், தலைமாட்டை உயர்த்து என்றார், இறக்கு என்றார். வெறுத்துப்போய் இவன் ஓடட்டும் என்று அவர் எண்ணம். பாலிஷ் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டான். "பயப்படாதீங்க மாமா. ஆபரேஷன் முடியிற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்" என்று காலை இன்னும் அழுத்திப் பிடித்தான். பெரியவர் போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் விட்டார்.

அடுத்த நாள் வேலையில் பாலிஷின் கண்கள் தானாக மூடின. மிஷின் இழுத்துக்கொண்டு ஓடவில்லை, அதுவரைக்கும் நல்லது. நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் சுற்றியது. புதுத் துணிக்கடையின் வாசல் கூடத்தில், வாடிக்கையாளர் காலடி வைக்கிற முதல் இடத்தில், வட்டில் மாதிரி ஒரு குழி. கடைக்காரர் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தேங்கி நின்றது. போட்டோ எடுத்து மேஸ்திரிக்கு அனுப்பினார்.

மேஸ்திரி மறுபடியும் மெதுவாகப் பேசினார். "நாளைக்கு மத்தியானம் நான் வரேன். நீ தெளிவா நின்னு, அந்தக் குழியச் சுத்தி இருக்கிற தரையெல்லாம் எறக்கி மட்டம் பண்ணியிருக்கணும். தூங்கின மூஞ்சியோட நின்னேன்னு வச்சுக்க, மிஷினை நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

இரண்டாம் இரவும் ஸ்டூலிலேயே விடிந்தது. ஐந்து மணிக்குப் பாலிஷ் வெளிக் குழாயில் முகம் கழுவப் போனான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் புத்தி தெளிந்தது. எட்டு மணிக்கு ஆபரேஷன். மத்தியானம் மேஸ்திரி. இடையில் எந்த பஸ்ஸிலோ பெண்டாட்டி. இதற்கு மேல் ஒரு பொய்யைத் தாங்க உடம்பில் இடமில்லை. நேராகப் போய்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சிஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது. போலீஸ் வந்தால் வரட்டும். லாக்கப்பிலும் தரை இருக்கும்.

உள்ளே வந்தான். பன்னிரண்டாம் படுக்கை காலி. தலையணை இருந்தது, பச்சைப் போர்வை இருந்தது, ஆபரேஷனுக்குப் போட வேண்டிய பச்சை அங்கி மடித்தபடி இருந்தது. பெரியவர் இல்லை.

"எங்க போனாரு?" என்று ஆயாவிடம் கேட்டான். அவள் வாளியும் துடைப்பானுமாக வந்துகொண்டிருந்தாள்.

"கக்கூஸ் போயிருப்பாரு. நீ ஏன் தம்பி நிக்கற? கட்டில்ல உக்காரு."

"நான் எதுக்குங்க?"

"காலியாக் கெடந்தா அட்மிஷன்ல வேற ஆளைக் கொண்டாந்து போட்டுருவாங்க. வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல நாலு பேரு காத்திருக்கான். கட்டில் போச்சுன்னா அவ்வளவுதான். இங்க எல்லாரும் அப்படித்தான், ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தர் உக்காந்துக்குவாங்க. கொஞ்ச நேரம் உக்காரு, வந்துருவாரு."

நியாயமாகத்தான் பட்டது. பாலிஷ் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் பின்பக்கம் நாலு விரற்கடை உள்ளே போயிற்று. மெத்தை. எத்தனை மாதமாயிற்று! கையால் தடவிப் பார்த்தான், பழக்கதோஷம். காலைத் தொங்கவிட்டால் வலித்தது, மேலே வைத்தான். முதுகைச் சுவரில் சாய்த்தால் சுவர் சில்லென்றிருந்தது, தலையணையில் சாய்த்தான். விசிறிக் காற்று குளிர்ந்தது. பச்சை அங்கியை மார்மேல் போட்டுக்கொண்டான். சும்மா, பெரியவர் வருகிறவரைக்கும்.

கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் முகங்கள்.

காலடியில் அவன் பெண்டாட்டி. ஒன்றரை நாளாக மூன்று பஸ் மாறி வந்த களைப்போடு, இடுப்பில் சொருகிய கைக்குட்டையோடு, சண்டைக்கென்றே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, நிஜ மாமனார். தலைமாட்டில் சீட்டைப் படித்துக்கொண்டு டாக்டர். பெரிய சிஸ்டர் இல்லை. ஏழு மணிக்கு ஷிப்ட் மாறியிருந்தது. டாக்டர் வருகிற நேரம் என்று மற்றக் கட்டில்களின் சொந்தக்காரர்களைக் கொட்டகைக்கு விரட்டியிருந்தார்கள். அவர் இடத்தில் ஒரு புது சிஸ்டர். இரண்டு பேர் தள்ளுவண்டியோடு தயாராக நின்றார்கள்.

"பன்னெண்டு முழிச்சாச்சு டாக்டர்" என்றார் புது சிஸ்டர்.

"என்னங்க!" என்று பெண்டாட்டி பாய்ந்து அவன் காலைப் பிடித்தாள். "உங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொன்னா நான் பதறிடுவேன்னுதான் எங்கப்பா பேரைச் சொன்னீங்களா? ஐயோ, நான் உங்கள என்னென்ன பேசிட்டேன்! பஸ்ல வர்ற வழியெல்லாம் பேசினேனே!"

"எனக்கு ஒண்ணும் இல்லடி!" பாலிஷ் எழப் பார்த்தான். தள்ளுவண்டிக்காரர்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அமுக்கினார்கள்.

"படுங்க மாப்பிள்ளை" என்றார் நிஜ மாமனார். "பயப்படாதீங்க. கையெழுத்து நான் போட்டுட்டேன். மூணு எடத்துல கேட்டாங்க, மூணுலயும் போட்டுட்டேன்."

"மாமா, நான் பேஷண்ட் இல்ல! நான் பேஷண்டோட மருமகன்!"

"ஆமா, என் மருமகன்தான். யாரு இல்லைன்னாங்க?"

"உங்களுக்கு இல்ல மாமா, பன்னெண்டுக்கு! அதுவும் நெசமா இல்ல. படுக்க எடம் இல்லைன்னு அப்படிச் சொன்னேன். டாக்டர், நீங்களே பாத்தீங்களே, பெரியவர், வயசானவர், கறுப்பா..."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். முதல் தடவையாக ஆளையும் பார்த்தார். "சீட்டுல அம்பத்திரண்டு போட்டிருக்கு. இவர் கொஞ்சம் சின்னவரா இருக்காரே?"

"பச்சைத் துணியப் பாத்ததும் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க டாக்டர்" என்றார் புது சிஸ்டர். "போன வாரம் ஒருத்தர் தான் பால்காரர்னாரு. ம், வண்டியைத் தள்ளுங்க."

"என் மிஷின் துணிக்கடைல நிக்குது! போய்ப் பாருங்க, குழி இருக்கு!"

"பாவம், பொலம்பறாரு" என்று பெண்டாட்டி கண்ணைத் துடைத்தாள்.

வண்டி நகர்ந்தது. பாலிஷ் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஓடுகிற மிஷினை வருஷக்கணக்காகப் பிடித்த கை. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. அப்போது துடைத்த ஈரத்தில் துடைப்பானை ஊன்றியபடி ஆயா குறுக்கே வந்து நின்றாள். அவளைக் கண்டதும் பாலிஷுக்கு உயிர் வந்தது.

"ஆயா, நீங்க சொல்லுங்க! அந்தப் பெரியவர்தானே பன்னெண்டு? நீங்கதானே என்னை இந்தக் கட்டில்ல உக்காரச் சொன்னீங்க?"

ஆயா டாக்டரைப் பார்த்தாள், புது சிஸ்டரைப் பார்த்தாள், தன் காலடியைப் பார்த்தாள்.

"விட்டுருங்க டாக்டர், தப்பு என்னோடது" என்றாள். "நெசப் பன்னெண்டு போன மாசமே ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிட்டாரு, இன்னிக்கு ஓடின பெரியவரும் இந்தத் தம்பி மாதிரி, பன்னெண்டுக்கு அண்ணன்னு சொல்லிக்கிட்டுக் கொட்டகையில படுத்திருந்தவருதான், 'கட்டில் போயிரும், கொஞ்ச நேரம் உக்காரு'ன்னு அவரையும் நான்தான் உக்கார வச்சேன்."